இருதயத்தை எழுதச் செய்த பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன்

மன்னரையும் படைத்தலைவரையும் கவிவாணரையும் பற்றிய வரலாறுகளை மாணாக்கராகிய யாம் பலகாற் படித்துள்ளோம். தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை ஓர் ஆராய்ச்சிச் சாலைக்குள்ளே, கண்ணுக்கு அரிதிற் புலனாகும் ஓர் இழையின் அசைவை நோக்கியவண்ணம் கழித்த ஒருவரின் வரலாறு அவற்றைப்போல் ஆரவாரமுடையதன்று. ஆயினும், இன்று எவ்வூர் ஆஸ்பத்திரியிலாயினும் ஒருவர் நெஞ்சுவலியென்று சென்றவுடன், அவர் கையிலும் காலிலும் மார்பிலும் கம்பிகளைப் பொருத்திக் கட்டமிட்ட காகிதத்தில் அலையலையாய்க் கோடு எடுக்கின்றார்களன்றோ? ஈ.சி.ஜி. என்று யாவரும் வழங்கும் அவ்விருதய மின்வரைவை மருத்துவ உலகுக்குப் பயன்படும் கருவியாக ஆக்கித் தந்தவர், ஹாலந்து தேசத்து லெய்டன் சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்த வில்லெம் ஐந்தோவன் என்பவரே. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

புதிர்

வரலாற்றினுட் புகுமுன், அவர் தொண்டின் அருமை விளங்குதற்பொருட்டு ஒரு புதிரை எடுத்துரைப்போம். நெடுந்தூர ஓட்டத்திலோ, படகு வலித்தலிலோ, மிதிவண்டிப் பந்தயத்திலோ ஆண்டுக் கணக்காகப் பழகிய இளைஞன் ஒருவனை மருத்துவர் சோதிக்கின்றார் எனக் கொள்வோம். ஏனையோர்க்கு நிமிஷத்துக்கு 70 அல்லது 80 முறை துடிக்கும் நாடி இவனுக்கு 40 முறையே துடிக்கின்றது. இடையிடையே ஒரு துடிப்பு வாராமலும் போகின்றது. இதே குறிகள், இருதயத்தின் மின்வழி பழுதுற்ற முதியவர் ஒருவரிடத்தும் காணப்படும். ஒன்று வலிமையின் அடையாளம். மற்றொன்று பிணியின் அடையாளம். நாடி பார்க்கும் விரலுக்கோ இரண்டும் ஒரு தன்மையவே. தீர்ப்புப் பிழைபடுமாயின் கேடு இருவகைப்படும். நலமுள்ளவனை நோயாளியென்று கூறித் திடலினின்று விலக்கிவிடலாம். நோயுள்ளவனை வீரனென்று போற்றி ஓடவிட்டு, அவன் நடுவழியில் வீழ்ந்து மாளவும் காணலாம். இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் கண்ணை மருத்துவர்க்கு அளித்தவர் ஐந்தோவன். அவரும் இளமையிற் படகு வலித்தவரே என்பது இவ்வரலாற்றின் சுவைகளுள் ஒன்று.

பிறப்பும் இளமையும்

ஐந்தோவன் 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், அக்காலத்தில் டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவில், ஸெமாராங் என்னும் கடற்கரை நகரிற் பிறந்தார். தந்தையார் ஜேக்கப் ஐந்தோவன் அந்நகரில் மருத்துவராக விளங்கியவர். மைந்தர்க்கு ஆறு வயது ஆகும்பொழுதே தந்தையார் காலமானார். ஆறு மக்களோடு தனித்து நின்ற தாயார் சில ஆண்டுகள் அங்கேயே தங்கி, 1870இல் அவர்களை அழைத்துக்கொண்டு கடல் கடந்து ஹாலந்து சேர்ந்து, யூட்ரெக்ட் நகரிற் குடியேறினார். தந்தை சென்ற வழியே தாமும் செல்லக் கருதிய வில்லெம், 1878இல் அந்நகரத்துச் சர்வகலாசாலையில் மருத்துவ மாணாக்கராய்ச் சேர்ந்தார்.

புத்தகமே துணையென்று அறையுள் அடைபட்டிருந்த மாணாக்கரல்லர் அவர். கரணப் பயிற்சியிலும் வாட்பயிற்சியிலும் பேரார்வமுடையராய், அவற்றிற்குரிய சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். யூட்ரெக்ட் மாணாக்கரின் படகுச் சங்கத்தைத் தோற்றுவித்தவருள்ளும் அவர் ஒருவர். ஒருமுறை விளையாட்டிற் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிறராயின் நொந்து படுத்திருப்பர். அவரோ, கட்டுப்போட்ட கையைக் கொண்டே, முன்கை புரளும் விதத்தையும் முழங்கை, தோள் என்னும் மூட்டுக்களின் தொழிலையும் ஆராயத் தொடங்கினார். முழங்கை மூட்டைப் பற்றிய அவ்வாராய்ச்சியே அவருடைய முதற் படைப்பாக வெளிவந்தது.

1885இல் புகழ்பெற்ற கண்மருத்துவ அறிஞர் டாண்டர்ஸ் என்பாரிடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே லெய்டன் சர்வகலாசாலையில் உடலியல் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்பொழுது அவருக்கு வயது 25. அப்பதவியில் அமர்ந்தவர் தம் இறுதிக் காலம்வரை வேறிடம் நாடினாரல்லர்.

பாஸெல் நகரத்துக் காட்சி

இருதயம் துடிக்குந்தோறும் அதனின்று மெல்லிய மின்சாரம் எழுகின்றது என்பதனை விஞ்ஞானிகள் முன்னரே தவளை முதலியவற்றிற் கண்டிருந்தனர். உயிரோடிருக்கும் மனிதனது மார்பைத் திறவாமலே, உடலின் மேற்புறத்தினின்று அம்மின்னோட்டத்தை 1887இல் முதன்முதல் பதிவுசெய்து காட்டியவர் லண்டன் நகரத்து அகஸ்டஸ் வாலர் என்பார். 1889இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பாஸெல் நகரில் உடலியல் அறிஞரின் முதல் உலக மாநாடு கூடியது. அங்கு வாலர் செய்து காட்டிய சோதனையைக் கண்டவருள் ஐந்தோவனும் ஒருவர். அன்று கண்டது அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

வாலர் கையாண்ட கருவி, நுண்ணிய கண்ணாடிக் குழாயினுள் பாதரசம் ஏறி இறங்குவதைக் காட்டுவது. பாதரசமோ கனமுடையது, மின்சாரம் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுத்து அசையமாட்டாது. ஆதலின் அது வரைந்த கோடு மழுங்கிய கோடாகவே இருந்தது. ஐந்தோவன் கணித நூலின் துணைகொண்டு, பாதரசம் எவ்வளவு பின்தங்கும் என்பதனைக் கணக்கிட்டு, அம்மழுங்கிய கோட்டினின்று உண்மைக் கோடு எவ்வாறிருத்தல் வேண்டும் என்று வரைந்தார். அதிற் கண்ட ஐந்து மேடுபள்ளங்களுக்கும் உரோம நெடுங்கணக்கின் இடையிலிருந்து பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் ஐந்து எழுத்துக்களைப் பெயராக இட்டார். பி என்பது மேலறைகள் எழுச்சியுறுவதைக் காட்டும். நடு மூன்றும் கீழறைகள் எழுச்சியுறுவதைக் காட்டும். டி என்பது கீழறைகள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக மீள்வதைக் காட்டும். 1895இல் வெளிவந்த அப்பெயர்களே இன்றும் உலகமெங்கும் வழங்குகின்றன.

இழையும் நிழலும்

ஒவ்வொரு துடிப்புக்கும் நெடுங்கணக்குப் போட்டுக்கொண்டிருத்தல் எவ்வாறு இயலும்? கணக்கின்றியே உண்மையை எழுதும் கருவி ஒன்று வேண்டும் என்று அவர் துணிந்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாக இழைக் கால்வனோமீட்டர் என்னும் மின்னோட்டமானி தோன்றியது. அதனை 1901இல் அறிவித்து, 1903இல் விரிவாக வெளியிட்டார்.

அதன் அமைப்பைச் சிறிது கூறுவோம். வலிய மின்காந்தம் ஒன்றன் இரு முனைகளுக்கும் இடையே வெள்ளிப் பூச்சுப் பூசிய குவார்ட்ஸ் படிக இழை ஒன்று கட்டப்பட்டிருக்கும். அவ்விழை மயிரினும் மிகமிக மெல்லியது. உருக்கிய படிகத்தை ஓர் அம்பிற் பொருத்தி, வில்லிலிருந்து அறையின் குறுக்கே எய்தால் அம்பின் பின்னே நூல்போல் நீண்டு வரும்; அதுவே இழையாகும். இருதயத்திலிருந்து உடலின் மேற்புறம் வந்துசேரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு கூற்றின் அளவினதே. அச்சிறு மின்சாரம் இழையின் வழியே செல்லும்பொழுது காந்தத்தின் வலியால் இழை பக்கவாட்டில் அசையும். ஒளிமிக்க விளக்கால் அவ்வசைவின் நிழலைப் பெருக்கி, நகர்ந்துகொண்டேயிருக்கும் புகைப்படத் தகட்டின்மேல் விழச் செய்தால், இருதயம் தன் செய்தியைத் தானே எழுதிவிடும்.

கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இரண்டு அறைகளை அது அடைத்துக்கொண்டது. இயக்குதற்கு ஐவர் வேண்டியிருந்தனர். காந்தம் சூடேறாதவாறு இடைவிடாது தண்ணீர் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். சோதிக்கப்படுபவர் உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் இரு கைகளையும் இடக்காலையும் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். இத்துணைப் பெரிய யந்திரம் எழுதிய கோடு, எட்டு ஆண்டுகளுக்குமுன் ஐந்தோவன் கணக்கிட்டு வரைந்த கோட்டோடு ஒத்திருந்தது. அறிவினாற் கண்டது பின்னர்க் கண்ணினாலும் காணப்பட்டது. இதனினும் பெரிய இன்பம் ஆராய்ச்சியாளனுக்கு வேறு யாதுளது?

மிதிவண்டியில் வந்த மனிதர்

நோயாளிகள் ஆஸ்பத்திரியில், பெயர்த்தெடுக்க இயலாத யந்திரமோ ஆராய்ச்சிச் சாலையில். இரண்டுக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். ஐந்தோவன் தொலைபேசிக் கம்பி வாயிலாக இருதயத்தின் மின்சாரத்தையே வரவழைத்தார். 1905ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் நாள் அவ்வாறு பெற்ற முதல் வரைவு நோயாளியினுடையதன்று. திண்ணிய உடலுடைய ஒருவருடையது. அவர் ஆராய்ச்சிச் சாலையினின்று ஆஸ்பத்திரிக்கு மிதிவண்டியிற் சென்று அமர்ந்தவர். அவ்வரைவில் ஆர் என்னும் முகடு வழக்கத்தினும் உயர்ந்து நின்றது. மிதிவண்டி மிதித்து வந்த உழைப்பே அதற்குக் காரணமாகலாம் என்று கருதப்பட்டது.

பயிற்சியும் உழைப்பும் இருதயத்தின் வரைவில் தம் அடையாளத்தை விட்டுச்செல்லுமா, அவ்வடையாளம் நோயின் அடையாளத்தினின்று எவ்வாறு வேறுபடும் என்னும் வினா இவ்வாறு அக்கருவியின் குழந்தைப் பருவத்திலேயே எழுந்துவிட்டது. பயிற்சி மிக்க இளைஞரிடம் அம்முகடு உயர்ந்திருத்தல் இயல்பே. தனித்து நோக்குங்கால் அது நோய்க்குறியாகாது என்பது இன்று தெளிந்த செய்தி.

1906இல் நலமுள்ள இருதயங்களின் வரைவுகளையும் நோயுற்ற இருதயங்களின் வரைவுகளையும் ஒழுங்குபட அடுக்கி ஐந்தோவன் வெளியிட்டார். முந்தித் துடிக்கும் துடிப்பு, மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு அறவே அற்றுப்போதல் முதலியன எவ்வெவ்வாறு தோன்றும் என்பதை மருத்துவ உலகம் அப்பொழுது கண்டது. பின்னர், இரு கைகளும் இடக்காலும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் எனக் கொண்டு மின்னோட்டத்தின் திசையை அளக்கும் முறையையும் வகுத்தார். அஃது இன்றும் ஐந்தோவன் முக்கோணம் என்றே வழங்குகின்றது.

லண்டனும் பாஸ்டனும்

கருவியைச் செய்தவர் ஐந்தோவன். அதனை நோயாளியின் படுக்கையருகே கொண்டுசென்று பயனை விளக்கியவருள் தலைசிறந்தவர் லண்டன் ஸர் தாமஸ் லூயிஸ். இருவரும் நெருங்கிய நண்பர். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நோயே நெடுநாளாகக் காரணம் தெரியாதிருந்த தாறுமாறான நாடிக்குக் காரணம் என்பதை லூயிஸ் 1909இல் இக்கருவிகொண்டு நிலைநாட்டினார். அவரிடம் 1913இல் பயில வந்த அமெரிக்க இளைஞர் பால் டட்லி ஒயிட் என்பார், பாஸ்டன் நகர் திரும்பி அங்கு இக்கலையை வேரூன்றச் செய்தார்.

அப்பாஸ்டன் நகரிலே, யாம் முற்கூறிய புதிருக்கு ஓர் உதாரண புருஷர் இருந்தார். அவர் கிளாரன்ஸ் டிமார் என்னும் மாரத்தான் ஓட்டக்காரர். 1911ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குமுன் அவரைச் சோதித்த மருத்துவர் ஒருவர், இருதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்பதாகவும், ஓட்டத்தை விட்டுவிடுதல் நலமென்றும் அறிவுறுத்தினார். டிமார் அவ்வாண்டு ஓடி முதலிடம் பெற்றார். ஆயினும் அதன்பின் பல்லாண்டுகள் பெரும்பாலும் பந்தயத்தினின்று ஒதுங்கியே வாழ்ந்தார். மீண்டும் களம் புகுந்து 1922, 1923, 1924, 1927, 1928, 1930 ஆகிய ஆண்டுகளிலும் பாஸ்டன் மாரத்தானை வென்றார். 1958இல் அவர் இறந்தது புற்றுநோயால். இறந்தபின் அவர் இருதயத்தைச் சோதித்து 1961இல் எழுதியவருள் மேற்கூறிய ஒயிட் ஒருவர். இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் நாளங்கள் ஏனையோர்க்கு இருப்பதினும் இரண்டு மூன்று மடங்கு அகன்றிருக்கக் கண்டனர். முணுமுணுப்பு ஒலி தாளக் கோளாறு அன்றாயினும், பிழை ஒருவகைத்தே: ஒரு குறியை மட்டும் கண்டு முழு மனிதனைத் தீர்ப்பிட்ட பிழை.

ஓட்டக்காரர் வரைவைப் படித்தல்

ஐந்தோவன் தந்த கோட்டைக்கொண்டு இன்றைய மருத்துவர் இப்பிழையை எவ்வாறு தவிர்க்கின்றனர் என்பதை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். பயிற்சியால் இருதயத்தை அடக்கும் வேகஸ் என்னும் நரம்பின் வலி மிகுகின்றது. துடிப்பைத் தொடங்கும் இடமும் தன் இயல்பிற் சிறிது மாறுகின்றது. ஆதலின் ஓய்விலிருக்கும் ஓட்டக்காரர்க்கு நிமிஷத்துக்கு 40 துடிப்பும், சிலர்க்கு அதனிற் குறைந்தும் இருத்தல் இயல்பே. மூச்சை உள்ளிழுக்கையில் நாடி விரைதலும், வெளிவிடுகையில் தணிதலும் இயல்பே. பி முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள இடைவெளி படிப்படியாக நீண்டு, இறுதியில் ஒரு துடிப்பு விழாது போதலும் உண்டு. இதனை 1899இல், ஈ.சி.ஜி. பிறக்குமுன்னரே, நாடியின் வரைவினின்று கண்டறிந்தவரும் டச்சுக்காரரே. வெங்கபாக் என்பது அவர் பெயர். ஓட்டக்காரரிடம் இஃது பெரும்பாலும் தீங்கற்றது. ஐயமுண்டாயின் அவரைச் சிறிது குதிக்கவோ படியேறவோ செய்து மீண்டும் வரைவு எடுப்பர். உழைப்புத் தொடங்கியதும் வேகஸ் நரம்பு பிடிவிட, விழுந்த துடிப்பு மீளுமாயின் அது பயிற்சியின் விளைவு. இடைவெளி நீளாமலே திடீரெனத் துடிப்புத் தவறுதலும், மேலறையும் கீழறையும் தொடர்பின்றித் தத்தம் போக்கிற் துடித்தலும் பயிற்சியின் விளைவு ஆகா. அவை நோயென்றே ஆராயத்தக்கன.

வேறு சில குறிகளும் உண்டு. பத்து விநாடி வரைவில் கீழறையினின்று முந்தி எழும் துடிப்பு இரண்டோ மேலோ காணப்படுதல், இடப்புறத்தை நோக்கும் வரைவுகளில் டி முகடு தலைகீழாதல், க்யூவிலிருந்து டி வரையுள்ள காலம் மிக நீளுதல் ஆகியன மேலும் ஆராய்தற்குரியன. இருதயத்துக்குள்ளே குறுக்குவழி ஒன்று இருப்பதைக் காட்டும் சாய்ந்த தொடக்கமும் அத்தகையதே. இதனை 1930இல் உல்ஃப், பார்க்கின்சன் என்பாரோடு சேர்ந்து விளக்கியவரும் பால் ஒயிட்டே. வரைவோடு வாய்மொழியும் வேண்டும். ஓட்டம் முடிந்து நின்றபின் மயங்குதல் பெரும்பாலும் இரத்தம் கால்களில் தேங்குவதால் வருவது. ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே மயங்கி வீழ்தல் அபாயக் குறி. குடும்பத்தில் இளவயதிலே திடீரென மாண்டவர் உண்டோ என்பதும் கேட்டறியத் தக்கது.

பயிற்சி மிகுதியே சிலர்க்குத் தாளக் கோளாற்றைத் தருதலும் உண்டு. ஸ்வீடன் தேசத்தில் 90 கிலோமீட்டர் தூரம் பனியிற் சறுக்கிச் செல்லும் வாஸாலோப்பெட் பந்தயத்தில் கலந்துகொண்ட 52,755 பேரை ஆராய்ந்து 2013இல் ஒரு முடிவு வெளிவந்தது. பலமுறை பந்தயம் முடித்தவர்க்கும் விரைந்து முடித்தவர்க்கும் தாளக் கோளாறுகள் மிகுதி என்று அது காட்டியது. அவற்றுள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனே முதன்மையானது. இத்தகைய கோளாறு வந்து வந்து மறைவதாதலின் பத்து விநாடி வரைவிற் சிக்காது போகலாம். இக்குறையைத் தீர்க்க அமெரிக்கர் நார்மன் ஹோல்ட்டர் சுமந்துசெல்லும் கருவியொன்றை ஆக்கினார். முதலில் ஏறத்தாழ 38 கிலோகிராம் எடையோடு முதுகில் ஏறிய அது, இன்று மார்பில் ஒட்டும் சிறு பட்டையாகச் சுருங்கிவிட்டது.

பந்தயத்தில் இறங்கும் இளைஞர் யாவருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தல் வேண்டுமோ என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. இத்தாலி 1982 முதல் அதனைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டு வெனிட்டோ மாகாணத்தில் விளையாட்டு வீரரின் திடீர் மரணம் ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது என்று 2006இல் வெளியிட்டனர். நலமுள்ளோர் பலர் வீணே ஐயத்துக்குள்ளாவர் என்று அஞ்சி அமெரிக்கா முதலிய நாடுகள் கட்டாயமாக்கவில்லை. இருபாலும் அஞ்சுவது யாம் முதலிற் கூறிய அவ்விரு கேடுகளையே.

பரிசும் மறைவும்

1924ஆம் ஆண்டு மருத்துவத்துக்குரிய நோபெல் பரிசு ஐந்தோவனுக்கு அளிக்கப்பட்டது. அப்பொழுது அவர் அமெரிக்காவிற் சொற்பொழிவாற்றச் சென்றிருந்தார். அவ்வாண்டிலேதான் டிமார் மூன்றாம் முறையாகத் தொடர்ந்து பாஸ்டன் மாரத்தானை வென்றிருந்தார். பரிசுப் பொருளிற் பாதியை, தமக்குக் கருவி செய்ய உதவி முன்னரே மறைந்த தொழிலாளர் ஒருவரின் வறிய உடன்பிறந்தாரைத் தேடிக் கண்டு ஐந்தோவன் அளித்தார் என்று கூறுவர். தம் நோபெல் விரிவுரையிலும் லூயிஸின் தொண்டை எடுத்துப் பாராட்டினார். பின்னாளில், பொறியியல் வல்லுநரான தம் மைந்தரோடு சேர்ந்து, தாம் பிறந்த ஜாவாவினின்று வரும் கம்பியில்லாத் தந்திச் செய்தியைத் தம் இழையினாலே வாங்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1927ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 29ஆம் நாள் லெய்டன் நகரிற் காலமானார்.

முடிவுரை

ஐந்தோவனுடைய இழையும் காந்தமும் இன்று காட்சிச்சாலைப் பொருள்களாயின. அவர் இட்ட ஐந்து எழுத்துக்களோ ஒவ்வொரு நாளும் எழுதப்படுகின்றன. அவர் அளித்தது தீர்ப்பன்று, சாட்சியம். சாட்சியத்தைப் பொறுமையோடு கேட்டு, நோயையும் நலத்தையும் பிரித்தறிதல் மருத்துவர் கடன். நம் திடல்களில் ஓடும் இளைஞர்க்கும் ஒரு கடன் உண்டு: ஓடும்பொழுது மயக்கமோ, நெஞ்சுவலியோ, காரணமற்ற படபடப்போ தோன்றினால் அதனை வீரத்தால் மறையாமல் உடனே மருத்துவரிடம் கூறுதல். சோதித்துக் குற்றமில்லையென்று தெளிந்தபின், மெல்ல நடக்கும் நாடிக்கு அஞ்சாது ஓடுதலும் அவர் கடனே. படகு வலித்த கையாலே இருதயத்தின் எழுத்தைப் படிக்கக் கற்றுத்தந்த பேராசிரியரின் பெயர் என்றும் வாழ்க.